காதர் பாய் போட்டு வைத்த காபிப்பொடி

அந்தச் செய்தி வந்தபோது நான் அரசுப் பேருந்து ஒன்றில் எங்கும் போக முடியாமல் உட்கார்ந்திருந்தேன். மே மாத ஞாயிற்றுக்கிழமை. சீசனில் நம் மலைப்பாதையில் ஏறியவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. பெருமாள்மலை தாண்டி, அருவிக்கு முந்தைய வளைவில் வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. ஓட்டுநர் இன்ஜினை அணைத்துவிட்டு இறங்கிப்போய் வேர்க்கடலை கொறித்துக்கொண்டிருந்தார். முந்தின நாள் திண்டுக்கல்லில் உறவுக்காரர் வீட்டுக் கல்யாணம். கறிவிருந்துக்கு இருந்துவிட்டுப் போகச் சொன்னவர்களிடம், கொடைக்கானலில் முக்கியமான சோலி கிடக்கிறது என்று சொல்லிவிட்டு முதல் பேருந்தைப் பிடித்திருந்தேன். அந்த முக்கியமான சோலி, காதர் பாய் வீட்டில் காபி குடிப்பது.

ஒன்பது மணிக்கு அவரே போனில் கூப்பிட்டார்.

"எங்க வர்றீங்க சார்?"

"பெருமாள்மலை தாண்டிட்டேன் பாய். வண்டி நகர மாட்டேங்குது."

"சரி, பதறாதீங்க. பொடி போட்டு வச்சிருக்கேன். நீங்க வந்துதான் பத்த வைக்கணும்."

முக்கால் மணி நேரம் கழித்து மறுபடி அதே எண்ணிலிருந்து அழைப்பு. பேருந்து அதே வளைவில்தான் நின்றது. எடுத்தவுடனே, "இன்னும் நகரலை பாய்" என்றேன். பேசியது அவர் மனைவி மைமூன் அக்கா. "சார், இவுக கூப்பிட்டா பேச மாட்டேங்கிறாக. நாற்காலியில சாஞ்சு கெடக்காக. வெரசா வாங்க சார்" என்றார். கடைசியாகப் பேசியது என்னோடு என்பதால் என் எண்ணை அழுத்தியிருக்கிறார். நான் எட்டுக் கிலோமீட்டருக்குக் கீழே, கடலை கொறிக்கும் ஓட்டுநரைப் பார்த்தபடி இருந்தேன். பாயின் கடைக்குப் பக்கத்தில் ஸ்வெட்டர் கடை வைத்திருக்கும் செல்வத்தைக் கூப்பிட்டு ஓடச் சொன்னேன். என்னால் முடிந்தது அவ்வளவுதான். பத்து நிமிடத்தில் செல்வம் திருப்பிக் கூப்பிட்டார். "சார், முடிஞ்சிருச்சு சார்" என்றார். நான் பையை எடுத்துக்கொண்டு இறங்கி நடக்க ஆரம்பித்தேன். இறந்துவிட்ட மனிதரிடம் இனி வேகமாகப் போய் என்ன செய்வது என்று தெரியவில்லை. ஆனாலும் வேகமாகத்தான் நடந்தேன்.

உங்களில் பலர் பஜாரில் அவரிடம் தேன் வாங்கியிருப்பீர்கள். தேன், மிளகு, ஏலம், தைல எண்ணெய் எல்லாம் அந்தக் குறுகிய கடையில் இருக்கும். அவர் மட்டும் கடைக்கு வெளியே ஸ்டூலில் இருப்பார். இருபது வருடங்களுக்கு முன் நான் முதன்முதலாகத் தேன் வாங்கப் போனபோது, தீக்குச்சியைத் தேனில் முக்கிப் பற்றவைத்துச் சுத்தமா என்று பார்க்க வேண்டும் என்றேன். எங்கோ படித்திருந்தேன். அவர் பொறுமையாக, "சார் எங்க வேலை பாக்குறீங்க?" என்று கேட்டார். பள்ளிக்கூடத்தில் தமிழாசிரியர் என்றேன். "நீங்க பாடம் எடுக்கிறப்ப நான் வந்து தீக்குச்சி கிழிக்கிறேனா?" என்றார். பிறகு ஒரு சொட்டைப் புறங்கையில் விட்டு, மூக்கருகே கொண்டுபோய், "இது தாண்டிக்குடிப் பக்கத்துத் தேன், மூணு வாரம் ஆச்சு, வெல்லப்பாகு இல்ல" என்றார். எனக்குக் கோபம் வந்தது. அடுத்த வாரமும் அங்கேயே போய் வாங்கினேன். அப்படித்தான் நண்பர்களானோம்.

அந்த மூக்கைத்தான் கொரோனா கொண்டுபோனது. காய்ச்சல் நான்கே நாளில் விட்டுவிட்டது. வாசனை போனது போனதுதான், திரும்பவே இல்லை. மதுரையில் மருத்துவரைப் பார்த்தார். வரலாம், வராமலும் போகலாம் என்றார்கள். ஆறு மாதம் அவர் யாரிடமும் சொல்லவில்லை. தேன் கொண்டுவருபவர்கள் முன்னால் வழக்கம்போல் புறங்கையை முகர்ந்து தலையாட்டிக்கொண்டிருந்திருக்கிறார். ஒருநாள் என்னிடம் மட்டும் சொன்னார்: "மல்லிகைப்பூவும் மண்ணெண்ணெயும் எனக்கு ஒண்ணுதான் சார் இப்ப. வெறுங்காத்து." நான் ஏதோ ஆறுதல் சொன்னேன். என்ன சொன்னேன் என்று நினைவில்லை. ஆறுதல் சொல்பவர்களுக்கு அது நினைவில் நிற்பதில்லை.

பிரியாணி அவருக்குச் சூடான அரிசியாகிவிட்டது. மீன் குழம்பு புளித்த தண்ணீர். சாப்பாட்டைப் பாதியில் தள்ளிவைத்துவிட்டு எழுந்துவிடுவார். ஆள் இளைத்துக்கொண்டே போனார். "எம்மனசு கேக்காம மூணு கறி வைக்கிறேன் சார், மூணையும் பாத்துக்கிட்டே இருக்காக" என்று மைமூன் அக்கா சொன்னார். அந்தச் சமயத்தில்தான் அவர் தன் நாக்கைத் தானே சோதித்துப் பார்க்க ஆரம்பித்தார். ஒரு தட்டில் கடையிலிருக்கும் சரக்கை எல்லாம் சிட்டிகை சிட்டிகையாக வைத்து ஒவ்வொன்றாக வாயில் போட்டுப் பார்த்தார். முடிவை எனக்கு அறிவித்தார்: "உப்பு, புளிப்பு சும்மா பேருக்கு இருக்கு. நம்பிப் பொழைக்கிற மாதிரி இருக்கிறது மூணு. கசப்பு, இனிப்பு, எரிச்சல். இந்த மூணையும் வச்சு ஏதாவது பண்ணணும்."

நம் ஊரைவிட்டுப் போகிறவர்கள் வீட்டுச் சாமான்களை விற்றுவிட்டுப் போவது வழக்கம். வட்டக்கானல் பக்கம் காலிசெய்த ஒரு வெள்ளைக்கார அம்மாவிடம் பாய் ஒரு பெட்டி பாத்திரம் வாங்கினார். அதில் அலுமினியத்தில் பட்டை பட்டையாக, இடுப்பு சிறுத்த ஒரு சின்னப் பாத்திரம் இருந்தது. கீழே தண்ணீர், நடுவே ஓட்டைபோட்ட கிண்ணத்தில் காபிப்பொடி, மேலே கூஜா; முழுப் பாத்திரத்தையுமே நாங்கள் கூஜா என்றுதான் சொல்வோம். அடுப்பில் வைத்தால் ஆவி தண்ணீரைப் பொடி வழியாக மேலே தள்ளும். இதில் வருவதுதான் எஸ்பிரஸோ மாதிரியான கெட்டிக் காபி என்று நான்தான் சொன்னேன். அவர் நம்பவில்லை. நமக்கெல்லாம் எஸ்பிரஸோ என்றால் கல்யாண வீட்டு இயந்திரத்தில் புஸ்ஸென்று நுரை பொங்கி, மேலே சாக்லேட் தூள் தூவி வருவதுதானே.

முதல் தடவை நாங்கள் செய்ததைத் தமிழர்கள் மட்டுமே செய்ய முடியும். சிக்கரி கலந்த ஃபில்டர் காபிப்பொடியை எடுத்து, ஃபில்டரில் அமுக்குவதுபோலவே கட்டைவிரலால் நன்றாக அமுக்கிவிட்டோம். சிக்கரி களியாகி ஓட்டைகளை அடைத்துக்கொண்டது. கீழே ஆவி சேர்ந்து, பக்கத்திலிருந்த வால்வு பீறிட்டு, கரும் தண்ணீர் சுவரெல்லாம் தெறித்து விட்டத்தில் ஒரு பெரிய பழுப்பு வட்டத்தைப் போட்டது. காபி வாசனையே ஆகாத மைமூன் அக்கா, தலைவலி வரும் என்று ஏற்கனவே கொல்லைப்பக்கம் போயிருந்தார். சத்தம் கேட்டு ஓடிவந்து விட்டத்தைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். "ரெண்டு பேருக்கும் சேத்து வயசு நூத்தி இருவது" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போனார். அந்த வட்டம் இன்னும் இருக்கிறது. பாய் அதைச் சுண்ணாம்படிக்க விடவில்லை.

பிறகு அவர் கற்றுக்கொண்டார். அடுக்கம் கிராமத்திலிருந்து மிளகு கொண்டுவரும் விவசாயியிடம் காபிக்கொட்டையும் வாங்கி, சிக்கரி இல்லாமல், ரவைக்கும் மாவுக்கும் நடுவான பதத்தில் அரைத்து வந்தார். பொடியை அமுக்காமல் விரலால் ஒரு வழி வழித்துச் சமன்செய்தார். காய்ந்த காந்தாரி மிளகாயைக் கீறி, சின்ன பாட்டிலில் மலைத்தேன் ஊற்றி ஊறப்போட்டு, ஜன்னலில் வெயில் விழும் இடத்தில் பத்து நாள் வைத்தார். சின்னத் தம்ளரில் இரண்டு வாய் அளவு காபி, அதில் ஒரு கரண்டி அந்தத் தேன், ஒரு சிட்டிகை சுக்கு. இவ்வளவுதான் செய்முறை. ஆனால் தேனைக் கொதிக்கிற எதிலும் ஊற்ற விடமாட்டார். "தேனைச் சுட்டா விஷம் சார்" என்பார். காபி இறங்கியதும் தம்ளரைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்பார். விரலைப் பயமில்லாமல் வைத்திருக்க முடிகிற சூடு வந்த பிறகுதான் பிஸ்மி சொல்லித் தேனை ஊற்றுவார். நம் ஊர்க் குளிரில் அதற்குள் பாதி ஆறிப்போய்விடும். நான் ஒவ்வொரு வாரமும் முணுமுணுத்தேன். அவர் ஒவ்வொரு வாரமும் காத்திருக்க வைத்தார்.

முதலில் கசக்கும், பின்னால் இனிக்கும், விழுங்கிய பிறகு தொண்டையில் நிதானமாக எரிய ஆரம்பிக்கும். நான் இருமினேன். அவர் கண்ணில் தண்ணீர் வழிந்தது. மிளகாய்க்காக மட்டும் இல்லை. "ஏதோ ஒண்ணு உள்ள போகுதுன்னு தெரியுது சார்" என்றார். அன்று மத்தியானம் அவர் இரண்டு தோசை தின்றார் என்று மைமூன் அக்கா போன் செய்து சொன்னார்.

ஒரு ஞாயிறு நான் அவர் வீட்டு வாசற்படியில் கால் வைத்தபோதே கேஸ் நாற்றம் முகத்தில் அறைந்தது. உள்ளே ஓடினேன். ஜன்னல் காற்றில் அடுப்பு அணைந்திருந்தது. அவர் அடுப்புக்கு ஒரு முழத்தில், நாற்காலியில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். நான் குமிழைத் திருகி மூடிவிட்டு ஜன்னல்களைத் தள்ளியபோது, "என்ன சார் ஆச்சு, எதுக்கு இப்படி ஓடி வர்றீங்க?" என்று சிரித்தபடி கேட்டார். என் முகத்தைப் பார்த்த பிறகுதான் அவருக்குப் புரிந்தது. பேப்பரை மெதுவாக மடித்து வைத்தார். அதன்பிறகு மைமூன் அக்கா சட்டம் போட்டார்: சார் வராமல் இவர் அடுப்பைத் தொடக்கூடாது. பாயும் கட்டுப்பட்டார். அப்படி நான் ஞாயிறுதோறும் ஒன்பது மணிக்கு ஆஜராகிற மூக்கானேன். என் பணிக்காலத்தில் யாரும் என்னை இவ்வளவு அவசியமான ஆளாக நினைத்ததில்லை.

அந்த வேலை எளிதாக இல்லை. காபி பொங்கி மேலேறும்போது, "என்ன வாசனை வருது?" என்று கேட்பார். நான், "நல்ல வாசனை பாய்" என்பேன். "நல்ல வாசனைன்னு சொல்லாதீங்க. அது சோப்புக்கும் சொல்லலாம், அத்தருக்கும் சொல்லலாம். எதோட வாசனைன்னு சொல்லுங்க. தமிழ் வாத்தியார்தான நீங்க?" என்பார். முப்பது வருடம் பிள்ளைகளுக்கு உவமை சொல்லிக்கொடுத்த எனக்கு ஒரு தம்ளர் காபிக்குச் சொல் கிடைக்கவில்லை. நறுமணம், கமகம, மூக்கைத் துளைக்கும் என்று என்னிடமிருந்த எல்லாவற்றையும் எடுத்துக் கொடுத்தேன். அவர் எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டி மறுத்தார். பல வாரங்கள் கழித்து ஒருநாள், "ஈரம் காயாத பருத்திச் சட்டையில இஸ்திரிப் பெட்டி வச்சதும் ஆவி வருமே, அது பாய்" என்றேன். அவர் கண்ணை மூடினார். நெடுநேரம் திறக்கவில்லை. "ஆமா" என்றார். "ஆமா சார். அதேதான்." அவருக்கு நிஜமாகவே நினைவு வந்ததா, எனக்காகச் சொன்னாரா என்று எனக்குத் தெரியாது.

நான் ஒருமுறை பொய் சொன்னேன். இதை அவர் இருக்கும்போதே நான் பலர் முன்னால் ஒப்புக்கொண்டிருக்க வேண்டும். காய்ந்த காந்தாரி கிடைக்காத ஒரு மழைக்காலத்தில் அவர் பச்சை மிளகாயையே தேனில் போட்டுவிட்டார். பத்து நாள் கழித்து மூடியைத் திறந்து என் முன்னால் நீட்டினார். புளித்த கள்ளின் வாடை அடித்தது. பெருநாளைக்குப் பஜாரில் பழகியவர்களுக்குக் கொடுக்கவென்று ஐந்து பாட்டில் போட்டு, ஒவ்வொன்றிலும் பேர் எழுதி ஒட்டி வைத்திருந்தார். நோயில் விழுந்தபின் அவர் அவ்வளவு உற்சாகமாக இருந்து நான் பார்த்ததில்லை. "எப்படி சார்?" என்றார். "அருமை பாய்" என்றேன். ஒரு வாரத்தில் செல்வம் கடை அலமாரியில் இருந்த பாட்டில் மூடியைத் தூக்கி எறிந்து, பத்துப் பன்னிரண்டு ஸ்வெட்டரைத் தேனில் குளிப்பாட்டியது. செல்வம் சிரித்துக்கொண்டேதான் வந்து சொன்னார். பாய் சிரிக்கவில்லை.

அந்த வாரம் அவர் என்னைக் கூப்பிடவில்லை. நானாகவே போனேன். அடுப்பு பற்றவைக்காமல் இருந்தது. கோபமாகப் பேசுவார் என்று எதிர்பார்த்துத் தயாராகப் போயிருந்தேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டு, "எனக்கு மூக்கு இல்ல சார். உங்களுக்கு இருந்தும் இல்லன்னா நான் எங்க போறது?" என்றார். மன்னிப்புக் கேட்டேன். இனிமேல் நாறினால் நாறுகிறது என்றே சொல்வேன் என்று வாக்குக் கொடுத்தேன். "நாறுதுன்னு சொன்னாலும் பத்தாது. என்ன நாத்தம்னு சொல்லணும்" என்றார். அதன்பின் தீப்பெட்டியை என் பக்கம் நகர்த்தினார்.

அந்த மே மாத ஞாயிறு, நான் நடந்து வந்து சேர்ந்தபோது மணி பன்னிரண்டு. கூட்டம் வாசலில் நின்றது. தண்ணீர் குடிக்க அடுக்களைக்குள் போனேன். அடுப்பு மேடையில் கூஜாவின் மூன்று பாகங்களும் தனித்தனியாக இருந்தன. நடுக் கிண்ணத்தில் பொடி நிரம்பி, மேலே அவர் விரலால் வழித்த தடம் அப்படியே இருந்தது. பக்கத்தில் இரண்டு தம்ளர், காந்தாரித் தேன் பாட்டில், தீப்பெட்டி. அவருக்குத் தனியாகப் பற்றவைக்கத் தெரியாதா? காத்திருந்திருக்கிறார். நான் எதையும் தொடவில்லை. அஸர் தொழுகைக்குப் பிறகு அவரைத் தூக்கிக்கொண்டு போனோம். சந்தூக்குப் பெட்டிக்கு நானும் தோள் கொடுத்தேன். அதில் அவர் கனமே இல்லை.

அதன்பின் இத்தா. கணவரை இழந்த பெண் நான்கு மாதம் பத்து நாள் அந்நிய ஆண்களைப் பார்க்காமல் வீட்டுக்குள் இருக்கும் காலம். அது அவர்கள் மார்க்கம், அதில் நான் சொல்ல ஒன்றுமில்லை. ஞாயிறு காலை ஒன்பது மணிக்குக் கால் தானாக அந்தச் சந்துக்குள் திரும்பும். கேட்டுக்கு வெளியே கொஞ்சம் நின்றுவிட்டுத் திரும்பிவிடுவேன். அந்தப் பொடி என்ன ஆனது என்பதுதான் என்னை அரித்தது. துக்க வீட்டில் பாத்திரம் கழுவ எத்தனையோ பேர் வருவார்கள். யாரோ ஒருவர் அதைத் தட்டிக் கொட்டிக் கழுவிக் கவிழ்த்திருப்பார். யாரிடம் கேட்பது? இறந்தவர் வீட்டில் காபிப்பொடியைப் பற்றி விசாரிக்கிற மனிதனை என்னவென்று நினைப்பார்கள்?

சென்ற மாதம் இத்தா முடிந்து இரண்டு நாள் கழித்து மைமூன் அக்கா போன் செய்தார். "ஞாயித்துக்கிழமை வெள்ளனே வாங்க சார்" என்றார். போனேன். மேடையில் ஒரு சின்ன எவர்சில்வர் டப்பா இருந்தது. அதை என் கையில் கொடுத்தார். உள்ளே அந்தக் கிண்ணம், அதே பொடி, அதே விரல் தடம்.

"அன்னிக்கு சாயங்காலமே எடுத்து மூடி வச்சுட்டேன். யாரையும் தொட விடல. ஒரு நாள் கூடத் தெறந்து பாக்கல சார், வாசனை போயிரும்னு. பாருங்க, இருக்கான்னு."

மூக்கருகே கொண்டுபோனேன். எனக்குத் தேவைப்பட்டதெல்லாம் கொஞ்சம், ஒரே ஒரு இழை. மறுபடி இழுத்துப் பார்த்தேன். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான்கு மாதம் அந்த டப்பாவைக் காத்த பெண்ணிடம், இருக்கிறது அக்கா, அப்படியே இருக்கிறது என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. பாய் உட்காரும் நாற்காலி பக்கத்திலேயே இருந்தது.

"போயிருச்சுக்கா" என்றேன். அதோடு நிறுத்த முடியவில்லை. "பழைய அட்டைப்பெட்டி வாசனை வருது. வேற ஒண்ணும் இல்ல."

அவர் அழவில்லை. கொஞ்ச நேரம் டப்பாவின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தார். பிறகு, "அப்ப பத்த வைங்க சார். உங்களத்தான பத்த வைக்கச் சொன்னாக" என்றார்.

தண்ணீர் ஊற்றி, கிண்ணத்தைப் பொருத்தினேன். கூஜாவைத் திருகியபோது அந்த விரல் தடம் மறைந்தது. பற்றவைத்தேன். காபி பொங்கும் நேரத்தில் வழக்கமாகக் கொல்லைக்குப் போகிறவர் அன்று போகவில்லை. தலைவலி வரும் அக்கா என்றேன். "வாசனையே வரலையே சார்" என்றார். உண்மைதான். எனக்கும் வரவில்லை. இரண்டு தம்ளரில் ஊற்றினேன். தேனுக்காகக் காத்திருந்தோம். நான் முணுமுணுக்கவில்லை. அக்காதான் தம்ளரைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார், பிஸ்மி சொன்னார், காந்தாரித் தேனை ஊற்றினார். முதல் வாயிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. கசப்பு, இனிப்பு, பிறகு எரிச்சல். அவ்வளவுதான், அதற்குமேல் எதுவுமே இல்லை. மூன்று வருடம் அவரோடு ஒரே கூஜாவிலிருந்து குடித்தும், அவர் குடித்ததை அன்றுதான் நான் முதன்முதலாகக் குடித்தேன்.

மைமூன் அக்காவும் முதல்முறையாகக் குடித்தார். இருமினார், கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"இவ்வளவுதானா சார் இவுகளுக்கு இருந்துச்சு?"

"இவ்வளவுதான்க்கா."

அவர் மிச்சத்தையும் குடித்து முடித்துவிட்டுத் தம்ளரைக் கழுவி வைத்தார்.

கூஜாவை எடுத்துப் போகச் சொன்னார். வேண்டாம், அது விட்டத்து வட்டத்துக்குக் கீழேயே இருக்கட்டும் என்று வந்துவிட்டேன். காதர் பாயிடமிருந்து என்னிடம் இருப்பது ஒரு பழக்கம் மட்டும்தான். எதை வாயருகே கொண்டுபோனாலும் முதலில் முகர்ந்து பார்த்து, இது எதன் வாசனை என்று ஒரு சொல் தேடுகிறேன். இப்போதெல்லாம் உடனே கிடைத்துவிடுகிறது. இன்று காலை எங்கள் வீட்டுக் காபியில், மூடுபனி விலகும்போது யூகலிப்டஸ் சருகில் வெயில் படும் வாசனை இருந்தது. மிகச் சரியாக அதுதான். போனைக் கையில் எடுத்துவிட்டேன், பிறகுதான் நினைவு வந்தது.